கிளாசிக் ட்ரையல்ஸ் பைக்: எது வரைக்கும் 'பழசு'?

1961ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மலைகளில் நடந்த ஆறு நாள் போட்டியில் கோர்டன் ஜாக்சன் என்பவர் 350 சிசி ஏஜேஎஸ் வண்டியில் கலந்துகொண்டார். பாறை, ஓடை, சேறு, வேர் பின்னிய சரிவு என்று ஆறு நாளும் ஓட்டி முடித்தபோது அவர் இழந்திருந்தது ஒரே ஒரு மதிப்பெண். அதாவது குறித்து வைத்த சோதனைத் துண்டுகள் அத்தனையிலும் ஒரே ஒரு தடவைதான் காலைத் தரையில் ஊன்றியிருக்கிறார். அந்த ஒரு தடவையையும் யாரோ படம் பிடித்துவிட்டார்கள், பாவம் மனிதர். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் படத்தைக் காட்டித்தான் அவருடைய சாதனையைச் சொல்கிறார்கள்.

ட்ரையல்ஸ் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இது ரேஸ் கிடையாது. யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. கொடி கட்டிக் குறித்த ஒரு சிறு துண்டுப் பாதையை 'செக்‌ஷன்' என்பார்கள். ஒரு நாளில் இப்படிப் பல செக்‌ஷன்கள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கண்காணிப்பாளர் நிற்பார். காலே ஊன்றாமல் கடந்தால் பூஜ்யம். ஒருமுறை ஊன்றினால் 1, இரண்டு முறைக்கு 2, மூன்று முறையோ அதற்கு மேலோ என்றால் 3. விழுந்தாலும் எல்லையை விட்டு வெளியே போனாலும் 5. கிளாசிக் போட்டிகளில் பெரும்பாலும் வண்டி நடுவில் நின்றுபோனாலே 5தான். கடைசியில் யாருடைய கணக்கில் எண் குறைவோ அவரே வென்றவர்.

இதனால் இந்த வண்டிக்கு வேகமே தேவையில்லை. மனிதன் நடக்கிற வேகத்தில், கிட்டத்தட்ட நிற்கிற இன்ஜினில், பிடி விடாமல் ஏற வேண்டும். இன்ஜினைச் சீராகச் சுழல வைக்கும் கனமான ஃப்ளைவீல், நன்றாகத் திரும்பும் ஹேண்டில், பாறையில் இடிக்காத அடிவயிறு, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு சீட்டு, சில வண்டிகளில் அதுவும் பேருக்குத்தான். ஓட்டுகிறவர் எழுந்து நின்றுகொண்டேதான் ஓட்டுவார்.

இன்றைய ட்ரையல்ஸ் பைக் 70 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நீர்க் குளிர்விப்பு, டிஸ்க் பிரேக், ஒரே விரலில் அழுத்தக்கூடிய ஹைட்ராலிக் கிளட்ச் எல்லாம் உண்டு. அதையும் ஜாக்சன் ஓட்டியது போன்ற வண்டியையும் ஒரே பாறைக்கு முன்னால் நிறுத்தினால் போட்டிக்கு அர்த்தமே இல்லை. புது வண்டிக்குச் சவாலான செக்‌ஷன் பழைய வண்டியை உடைத்துவிடும், பழைய வண்டிக்குச் சவாலானதைப் புது வண்டி தூக்கத்திலேயே தாண்டிவிடும். கிளாசிக் ட்ரையல்ஸில் தகுதி விதி என்று ஒன்று இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். பழமை மீதுள்ள பாசம் அடுத்ததுதான்.

1965 என்ற கோடு

கிளாசிக் போட்டிகளில் அதிகம் காதில் விழும் பெயர் 'ப்ரீ-65'. 1965க்கு முந்தைய வண்டி என்று பொருள். ஏதோ உருண்டையான ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்துக் கோடு போட்டுவிட்டார்கள் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை, அந்த ஆண்டுக்கு ஒரு கதை இருக்கிறது.

1950களில் ட்ரையல்ஸ் என்பது பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் (பிஸ்டனின் நான்கு அசைவுக்கு ஒருமுறை எரியும் இன்ஜின் கொண்டவை) கோட்டை. மேட்ச்லெஸ், ஏஜேஎஸ், பிஎஸ்ஏ, ஏரியல், ராயல் என்ஃபீல்டு. புல்லட் என்றதும் நெடுஞ்சாலையும் தடதட சத்தமும்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அது முதலில் பேர் வாங்கியது சேற்றில்தான். பெரும்பாலான போட்டி வண்டிகளுக்குப் பின்பக்கம் சஸ்பென்ஷனே இல்லாத 1948இல், ஸ்விங்கிங் ஆர்மோடு (பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆட விடும் கை) புல்லட் களத்துக்கு வந்தது. 1952இல் ஜானி பிரிட்டன் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை அதில் வென்றார். இடையில் சின்ன வண்டிகளும் தலையெடுத்தன. 1959இல் ராய் பெப்லோ ஜெயித்தது வெறும் 199 சிசி ட்ரையம்ஃப் டைகர் கப்பில்.

இந்தக் காலத்தின் உச்சம் ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லரும் அவருடைய 500 சிசி ஏரியல் ஹெச்டி5உம். ஜிஓவி 132 என்ற அந்த வண்டியின் பதிவெண்ணே தனிப் பிரபலம். வருஷக்கணக்காகச் செதுக்கிச் செதுக்கி அதன் எடையை 110 கிலோ அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். பிறகு அதே மில்லர் 1964இல் ஸ்பெயினுக்குப் போய், பிரான்சிஸ்கோ புல்டோவின் நிறுவனத்துக்காக ஒரு டூ-ஸ்ட்ரோக்கை (இரண்டு அசைவுக்கு ஒருமுறை எரியும் இன்ஜின் கொண்ட வண்டி) உருவாக்கிக் கொடுத்தார். அதுதான் புல்டாகோ ஷெர்பா டி. 250க்குக் கொஞ்சம் குறைவான சிசி, எடை 90 கிலோவை ஒட்டி. 1965இல் அதே ஸ்காட்லாந்துப் போட்டியை அதில் வென்றார். அதுவரை அந்தப் போட்டியை பிரிட்டனுக்கு வெளியே செய்த வண்டி எதுவும் வென்றதில்லை. பெரிய ஃபோர்-ஸ்ட்ரோக்கின் ஆட்டம் அத்தோடு முடிந்தது. பிரிட்டிஷ் வண்டி ஒன்று அங்கே கடைசியாக ஜெயித்தது 1969இல், பில் வில்கின்சன் ஓட்டிய கிரீவ்ஸ்.

ஆகவே ப்ரீ-65 என்பது 'ஷெர்பாவுக்கு முன்' என்பதன் இன்னொரு பெயர். 1984 முதல் ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் ஊரைச் சுற்றி இந்த வகை வண்டிகளுக்கென்றே ஒரு போட்டி நடக்கிறது. ப்ரீ-65க்கு உள்ளேயே பின் சஸ்பென்ஷன் இல்லாதவை, இருப்பவை, சின்ன டூ-ஸ்ட்ரோக்குகள் என்று போட்டிக்குப் போட்டி உட்பிரிவுகள் இருக்கும். எதில் சேர்வது என்பது உங்கள் வண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்த பெரிய பிரிவு 'ட்வின்ஷாக்'. ஷெர்பாவில் தொடங்கி, மான்டெசா கோட்டா, ஆசா மார், யமஹா டிஒய், ஹோண்டா டிஎல்ஆர், ஃபான்டிக், எஸ்டபிள்யூஎம் என்று நீளும் பட்டியல். விதி எளிமையானது: பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர், காற்றில் குளிரும் இன்ஜின், முன்னும் பின்னும் ட்ரம் பிரேக். 1980களின் நடுவில் யமஹா டிஒய்250இல் நடுவே ஒற்றை ஷாக் வந்ததும் இந்தத் தலைமுறை முடிவுக்கு வந்தது. அதற்குப் பிந்திய, ஆனால் இன்னும் நீர்க் குளிர்விப்புக்கு மாறாத வண்டிகளுக்கு 'ஏர்-கூல்டு மோனோஷாக்' என்று மூன்றாவது பிரிவு பல இடங்களில் உண்டு.

என்னைக் கேட்டால் இந்த மூன்றில் புத்திசாலித்தனமான விதி ட்வின்ஷாக்தான். ஆண்டை நிரூபிக்கக் காகிதம் வேண்டும், ஃப்ரேம் எண் பார்க்க வேண்டும், சண்டை வரும். இரண்டு ஷாக் இருக்கிறதா என்று பார்க்கக் கண் இருந்தால் போதும்.

மாற்றிய பாகம்

தொந்தரவு இங்கேதான் ஆரம்பம். அறுபது வருஷ வண்டியில் எதுவும் உடையாமல் இருக்காது. ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) வளைந்தது, மாற்றினார்கள். ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) வெடித்தது, மாற்றினார்கள். ஃப்ரேம் விரிசல் விட்டது, அதே வடிவத்தில் மெல்லிய இரும்புக் குழாயில் புதிதாகச் செய்தார்கள், அது பழசைவிடப் பாதி எடையாக வந்தது, தற்செயலாக! இப்படியே போய், 1965க்கு முன் பிறந்த ஒரு நட்டுகூட இல்லாத 'ப்ரீ-65' வண்டிகளும் களத்துக்கு வந்துவிட்டன. வெளிக்கூடு அந்தக் காலத்து ஃபோர்க், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் டேம்பரும் நேற்றைய சரக்கு. இது நியாயமா என்ற சண்டை பல வருஷமாக ஓய்ந்தபாடில்லை.

இதற்குப் பதில் சொல்லத்தான் விதிப்புத்தகங்கள் வண்டியை முழுதாகப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாகம் பாகமாகப் பேசுகின்றன. பொதுவாக இன்ஜின் கூடு, கியர்பாக்ஸ் கூடு, ஃபோர்க்கின் வெளித்தோற்றம், ஹப் ஆகியவை அந்தக் காலத்தவையாகவோ அதே வடிவத்தில் செய்த நகலாகவோ இருக்க வேண்டும் என்பார்கள். டயர், ஹேண்டில்பார், லீவர், கேபிள், பிஸ்டன் போன்றவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டியவை அவை. டிஸ்க் பிரேக், ஹைட்ராலிக் கிளட்ச், நீர்க் குளிர்விப்பு ஆகியவற்றுக்கு அனுமதி கிடையாது. நடுவில் இருப்பவைதான் ஒவ்வொரு போட்டியிலும் ஒவ்வொரு மாதிரி.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்பரேட்டரையே எடுத்துக்கொள்வோம். ப்ரீ-65 வண்டிகள் பலவற்றில் வந்தது ஆமல் நிறுவனத்தின் மோனோப்ளாக். அதன் இடத்தில் நிறைய பேர் ஆமல் கான்சென்ட்ரிக் மாட்டியிருப்பார்கள், பார்க்கவும் பழசாகத்தான் தெரியும். ஆனால் கான்சென்ட்ரிக் வந்ததே 1967இல். கண்டிப்பான போட்டியில் இதுவே கேள்வியாகும், தளர்வான போட்டியில் யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஃபுட்ரெஸ்டும் அப்படித்தான். பழைய வண்டிகளில் அது முன்தள்ளி, உயரமாக இருக்கும். கொஞ்சம் பின்னால், கீழே இறக்கினால் உடல் எடை பின்சக்கரத்துக்குப் போகும், முன்சக்கரம் சொன்னபடி எழும். வண்டியின் குணமே மாறிவிடுகிற அளவுக்கு லாபம். அதனால் சில இடங்களில் அதற்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். எந்தப் போட்டிக்குப் போகிறீர்களோ அதன் துணை விதிகளை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

காகிதப் பக்கமும் கொஞ்சம். பிரிட்டனில் 1946இல் தொடங்கிய விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் 25 வயது தாண்டிய வண்டிகளை ஏற்கிறது. ப்ரீ-65ஐப் போல நின்றுபோன கோடு இல்லை இது, ஆண்டுதோறும் நகரும். ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டி போன்றவற்றில் செக்‌ஷனுக்கும் செக்‌ஷனுக்கும் இடையே பொதுச் சாலையில் போக வேண்டும், எனவே பதிவெண் முதற்கொண்டு சாலைக்கான எல்லாம் வேண்டும். பிரிட்டனில் 40 வயது கடந்த வண்டிக்கு ஆண்டுப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு, கடந்த 30 ஆண்டுகளில் அதைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. மாற்றிய பாகம் பற்றிய அதே கேள்வியை அரசாங்கமும் கேட்கிறது பாருங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் 'பழசு' என்ற சாக்கு எடுபடாது: பாதுகாப்பு. கையை விட்டதும் ஆக்சிலரேட்டர் தானாக மூட வேண்டும். லீவர் நுனியில் உருண்டை இருக்க வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஏறும் இடத்தில் விரல் நுழையாதபடி தடுப்பு வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டதும் இன்ஜினை அணைக்கும் சுவிட்சைப் பல போட்டிகளில் இப்போது கட்டாயமாகக் கேட்கிறார்கள். 1955 வண்டியில் இதெல்லாம் இல்லைதான். விரல் போனால் 1955 என்று சொல்லி ஒட்டவைக்க முடியாது.

ஸ்பேனர் பிடிக்கும்போது

பராமரிப்பைத் தனி அத்தியாயமாகப் பேசுவது வழக்கம். கிளாசிக் ட்ரையல்ஸில் அது தகுதி விதியின் தொடர்ச்சிதான். எதைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது, எதைக் கழற்றிப் புதிது மாட்டுவது என்ற ஒவ்வொரு முடிவும் 'இது இன்னும் அந்த வண்டிதானா' என்ற கேள்விக்கான பதில். விதி அனுமதிக்காத டிஸ்க் பிரேக்கை நினைத்து ஏங்குவதைவிட, இருக்கும் ட்ரம்மைச் சரியாக வேலை வாங்கத் தெரிந்துகொள்வது மேல்.

ட்ரம் பிரேக் பிடிக்கவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் குற்றம் ட்ரம்மில் இல்லை. இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் முழுப்பரப்பில் தொடாமல், ஒன்றின் ஓரம் மட்டும் உரசிக்கொண்டிருக்கும். லைனிங்கைப் பார்த்தால் ஒரு பக்கம் பளபளவென்று கண்ணாடி மாதிரி மினுங்கும், மறுபக்கம் தொடாமலே கிடக்கும். முகமூடி போட்டுக்கொண்டு (பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்) மினுங்கும் பகுதியைச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். பிறகு ஆக்சில் நட்டை லேசாகத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, பிரேக்கை அழுத்துங்கள். அழுத்தியபடியே ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் நட்டை இறுக்க வேண்டும். ஷூக்கள் ட்ரம்மின் நடுவில் தாமாகவே வந்து உட்கார்ந்துவிடும். அடுத்து, பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளும், அது மாட்டியிருக்கும் பிரேக் தட்டின் சிறு நெம்புகோலும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கோணம் தாண்டியிருந்தால் நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் பாதி பலம் வீண். இந்த இரண்டையும் செய்தபிறகு, ஓட்டிப் பார்ப்பவர் 'புதுசு போட்டியா?' என்று கேட்கும் அளவுக்கு பிரேக் மாறிவிடும். இதில் எந்த விதிப்புத்தகமும் குறுக்கே வராது.

ஓடையில் இறங்கிய ட்ரம் கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த செக்‌ஷனுக்குப் போகும் வழியில் பிரேக்கை லேசாக அழுத்தியபடி ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும்.

டூ-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கிராங்க் சீலைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டின் இரு முனையிலும் ரப்பர் சீல் இருக்கிறது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அது காய்ந்து கெட்டிப்படும். கிளட்ச் பக்கச் சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சும்: நிற்காமல் வெண்புகை வரும், ஆயில் அளவு காரணமின்றிக் குறையும். மறுபக்கம், ஃப்ளைவீல் பக்கச் சீல் போனால் காற்றை உறிஞ்சும்: ஆக்சிலரேட்டரை விட்டபிறகும் இன்ஜின் வேகம் இறங்காமல் எகிறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது நோயைக் கார்ப்பரேட்டர் கோளாறு என்று நினைத்து அதன் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றிக்கொண்டு நாள் கணக்கில் அலைபவர்கள் ஏராளம். காற்று கூடிய கலவையில் ஓடும் இன்ஜின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும் என்பதால் அலைய அதிக நேரமும் கிடையாது. எண்ணெய்க் கலவையைப் பொறுத்தவரை, அந்தக் காலக் கையேடுகள் 20 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்ற அளவில் சொல்லும். அன்றைய ஆயிலுக்கு அது சரி. இன்றைய சிந்தெடிக் ஆயிலில் பலர் 40 பங்குக்கு 1 என்று ஓட்டுகிறார்கள்.

பெட்ரோல் என்றதும் டேங்க். ஸ்பானிய வண்டிகள் பலவற்றில் டேங்க் ஃபைபர் கிளாஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் அதன் பிசினைக் கரைக்கும். கரைந்த பிசின் கார்ப்பரேட்டருக்குள் போய் ஒட்டும், அங்கிருந்து இன்ஜினுக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 சதவீத எத்தனால் கொண்ட இ10தான் சாதாரண பெட்ரோல் ஆனது, அதிலிருந்து இந்தப் புலம்பல் அதிகம். எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைத்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் டேங்க்கின் உட்புறம் எத்தனால் தாங்கும் பூச்சு அடியுங்கள். எதுவானாலும் போட்டி முடிந்ததும் டேங்க்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுவது நல்லது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நின்றால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும்.

பாயின்ட் இக்னிஷனுக்கு (தொடுமுனைகள் திறந்து மூடிப் பொறி உண்டாக்கும் முறை) இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் என்பது பல வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே மின்பொறி தரும் கருவி) உள்ள வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரே கிக்கில் எழும்பி, சூடானதும் அடம்பிடித்தால் முதலில் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாற்றுவதை நிறைய போட்டிகள் ஏற்கின்றன, கூட்டுக்குள் ஒளிந்துகொள்வதால் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. மாற்றினால் கழற்றிய பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அட்டைப்பெட்டியில் போட்டு மேலே வண்டியின் எண்ணை எழுதி வையுங்கள். நாளை வண்டியை விற்கும்போதோ வேறு கண்டிப்பான போட்டிக்குப் போகும்போதோ அந்தப் பெட்டிக்கு மதிப்பு இருக்கும்.

டயரில் காற்று மிகக் குறைவாக இருக்கும்: பின்னால் 5 பிஎஸ்ஐ சுற்றி, முன்னால் அதைவிட ஒன்றிரண்டு கூட. பாறை மீது டயர் பிசைந்த மாவு மாதிரி படிய வேண்டும். இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் வழுக்கித் திரும்பும், கூடவே ட்யூபும் திரும்பி வால்வைப் பிய்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக், அது தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால் 'டிங்' என்று பாடாமல் 'டொக்' என்கிற ஒன்று மாட்டும், அதை இறுக்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழுவி, ஆயிலில் தோய்த்துப் பிழிந்து போடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது ஏர் ஃபில்டர் பெட்டி, ஹப், ஸ்டீயரிங் பேரிங் மூன்றையும் குறிவைத்து அடிக்க வேண்டாம்.

பழைய பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளுக்கு மட்டும் ஒரு விசேஷச் சடங்கு உண்டு. இவற்றில் பலவற்றில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தங்காது, தனி டேங்க்கில் இருக்கும். வண்டி பல வாரம் நின்றால் தேய்ந்த பம்ப் வழியாக மெல்ல மெல்லக் கசிந்து இன்ஜினின் அடியில் இறங்கிவிடும். டேங்க்கைத் திறந்து பார்த்து 'ஆயில் குறைவு' என்று நினைத்து மேலே ஊற்றிவிடுவார்கள். பிறகு கிளப்பினால் எல்லா ஓட்டை வழியாகவும் ஆயில் பீறிடும், புகை ஊரைக் கூட்டும். ஆகவே நின்ற வண்டியை எடுக்கும்போது முதலில் அடியில் உள்ள ப்ளக்கைத் திறந்து, இறங்கியிருக்கும் ஆயிலை ஒரு சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, டேங்க்கிலேயே திரும்ப ஊற்றுங்கள். கிளட்ச் தட்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும், லீவரைப் பிடித்தபடி கிக்கரை நாலைந்து முறை மிதித்து அவற்றைப் பிரித்துவிடுங்கள். அப்புறம் பெட்ரோலைத் திறந்து, நிஜமான கிக் அடிக்கலாம்.